ஆங்கில ‘ஃப்ரீ’யை ஸ்பானிஷில் எப்படி எழுதுவது?

கேள்வி · 2024 மார்ச் 4, மாலை 6:40

அக்கா, கோயம்புத்தூரில் ஒரு செயலி நிறுவனத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். ஸ்பானிஷ் பி2 வரை படித்திருக்கிறேன். இப்போது கையில் இருக்கும் கோப்பில் ‘ஃப்ரீ’ என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. அகராதியில் முதல் பொருள் லிப்ரே, அதாவது கட்டில்லாதது. ஒரு சொல்லுக்கு ஒரே மொழிபெயர்ப்பு என்பது எங்கள் பிரிவின் விதி. எல்லா இடத்திலும் லிப்ரே போட்டால் ஸ்பானிஷ்காரர்களுக்குப் புரிந்துவிடும்தானே?

மார்ச் 4, இரவு 10:15

பாதி புரியும். மீதிப் பாதி வேறு மாதிரிப் புரியும். புரியாமல் போவதைவிட அது மோசம், தம்பி.

நீ அனுப்பிய வரிகளையே எடுத்துக்கொள்கிறேன். ‘ஃப்ரீ பிளான்’ என்பது பிளான் கிராத்துயித்தோ. அங்கே லிப்ரே போட்டால், நாமே இஷ்டப்படி அமைத்துக்கொள்ளும் திட்டம் என்று தோன்றும். காசு வேண்டாம் என்ற சேதி போய்ச் சேராது. ‘2 ஜிபி ஃப்ரீ’ என்ற இடத்தில் லிப்ரேதான் சரி, அதுவும் பன்மையில்: 2 ஜிபி லிப்ரெஸ். திஸ்போனிப்ளெஸ் என்றும் எழுதலாம். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பொத்தானுக்கு லிபெரார் எஸ்பாசியோ. ‘ஆட்-ஃப்ரீ’ என்றால் சின் அனுன்சியோஸ், அதாவது விளம்பரம் இல்லாமல். ‘ஃபீல் ஃப்ரீ’ என்று தொடங்கும் வரியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அங்கே ‘ஃப்ரீ’க்கு ஸ்பானிஷில் இடமே கிடையாது.

உங்கள் பிரிவின் விதி கலைச்சொற்களுக்குப் பொருந்தும். கடவுச்சொல்லுக்கு ஒரு பக்கத்தில் ஒரு சொல், அடுத்த பக்கத்தில் வேறொன்று என்று இருக்கக் கூடாது. ‘ஃப்ரீ’ கலைச்சொல் அல்ல. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் நான்கைந்து தனிச் சொற்கள் குடியிருக்கின்றன. உன் மேலாளரிடம் இதைச் சொல்லு. தயங்காதே.

மார்ச் 5, காலை 7:30

வழியில் தட்டச்சுகிறேன், சுருக்கமாக. நான் இத்தனை வருடமாக நம்பிக் கடைப்பிடிப்பது ஒன்றுதான். ‘ஃப்ரீ’ வந்த இடத்தில், அது இல்லையென்றால் என்ன இருந்திருக்கும் என்று கேள். கட்டணம் இருந்திருக்கும் என்றால் கிராத்திஸ் அல்லது கிராத்துயித்தோ. வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்றால் லிப்ரே. கயிறு கட்டியிருக்கும் என்றால் சுவெல்தோ. வரி இருந்திருக்கும் என்றால் எக்ஸெந்தோ. சர்க்கரை இருந்திருக்கும் என்றால் சின். எதிர்ச்சொல் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மார்ச் 5, இரவு 9:50

மீதிப் பாதி வேலை, அது எந்த நாடு என்று பார்ப்பது.

மெக்சிகோ நகரத்திலிருந்து புவெப்லா போகும் வழியில் பெரிய பச்சைப் பலகைகள் வரும். ஒரு பக்கம் ‘குவோத்தா’, இன்னொரு பக்கம் ‘லிப்ரே’. குவோத்தா என்றால் சுங்கம் கட்டிப் போகும் சாலை. அந்தச் சாலைகளின் எண்ணுக்குப் பின்னால் ‘டி’ என்ற எழுத்து இருக்கும். 150டி சுங்கச் சாலை, வெறும் 150 பழைய மலைச் சாலை. அங்கே லிப்ரே என்றால் காசு இல்லை என்றுதான் பொருள். மெக்சிகோவில் வேலை பார்த்த காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் ‘போர் லா லிப்ரே’ போகலாமா என்று கேட்பார்கள். காசு மிச்சம், ஆனால் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும்.

இப்போது மத்ரித்தில் இருக்கிறேன். இங்கே தரையடி வாகன நிறுத்தங்களின் வாசலில் பச்சை விளக்கில் ‘லிப்ரே’ எரியும். உள்ளே இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். காசு? நிமிடக் கணக்கில் கறந்துவிடுவார்கள். இடம் தீர்ந்துவிட்டால் சிவப்பில் ‘கொம்ப்ளேத்தோ’. டாக்சியின் கண்ணாடியில் ‘லிப்ரே’ என்றாலும் அதே கதைதான்: ஆள் இல்லை, ஏறலாம், மீட்டர் ஓடும்.

ஒரே சொல், ஒரே பச்சை நிறம். மெக்சிகோச் சாலையில் அதன் எதிர்ச்சொல் குவோத்தா, மத்ரித் வாகன நிறுத்தத்தில் கொம்ப்ளேத்தோ. காலையில் எழுதிய எதிர்ச்சொல் சோதனை இங்கேயும் கைகொடுக்கிறது. ஆனால் அந்த ஊரில் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் எந்தப் பலகை நிற்கிறது என்று தெரிந்தால்தான் எதிர்ச்சொல்லே தெரியும்.

மார்ச் 7, மாலை 5:20

இதைப் படித்த வேறொரு வாசகர் எழுதியிருக்கிறார்: “இவ்வளவு சுற்றுவானேன். காசு விஷயம் என்றால் கிராத்திஸ், சுதந்திரம் என்றால் லிப்ரே. மெக்சிகோச் சாலை ஒரு விதிவிலக்கு. அவ்வளவுதானே.”

இல்லைங்க. காசைப் பற்றிய பேச்சிலேயே லிப்ரே வரிசையாக வருகிறது, அதுவும் இலவசம் அல்லாத இடங்களில்.

ஸ்பெயினில் வீடு தேடுகிறவர் ‘விவியெந்தா லிப்ரே’ என்ற சொல்லைக் கட்டாயம் சந்திப்பார். அரசு விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் வீடு ‘விவியெந்தா புரோத்தெஹீதா’, பாதுகாக்கப்பட்ட வீடு. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் சந்தை விலைக்கு விற்கும் வீடு லிப்ரே. இந்த இரண்டில் விலை கூடியது லிப்ரேதான். ஆங்கிலத்திலிருந்து ‘ஃப்ரீ ஹவுசிங்’ என்று வரும் வரிக்கு ஒருவர் விவியெந்தா லிப்ரே என்று எழுதினால், ஏழைகளுக்குக் கொடுக்கும் இலவச வீடு பணக்காரர் வாங்கும் வீடாகிவிடும். மின்கட்டண ரசீதிலும் இதே ஜோடி உண்டு: ‘மெர்காதோ லிப்ரே’ (கட்டுப்பாடில்லாச் சந்தை), ‘மெர்காதோ ரெகுலாதோ’ (கட்டுப்படுத்திய சந்தை). மின்சாரம் எதிலும் சும்மா வராது.

உணவகத்தில் ‘புஃபே லிப்ரே’ என்றால் ஒரு தொகை கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ‘பார்ரா லிப்ரே’ என்றால் குடிப்பதற்கு அளவு இல்லை. கல்யாணத்தில் அது விருந்தாளிக்குச் செலவில்லாதது. இரவு விடுதியில் நுழைவுச் சீட்டோடு அந்தக் காசையும் வாங்கியிருப்பார்கள். எண்ணிக் கொடுப்பதுதான் இங்கே எதிர்ப்பக்கம், விலை அல்ல.

எனக்கு நேரடியாகப் பட்ட ஒன்று. ஸ்பெயினில் ‘எஸ்குவேலா ஒஃபிசியால் தே இதியோமாஸ்’ என்று அரசு மொழிப் பள்ளிகள் உண்டு. அவற்றின் சான்றிதழ்த் தேர்வை வகுப்புக்குப் போகாமலும் எழுதலாம். அப்படி எழுதுகிறவர் ‘அலும்னோ லிப்ரே’. நானும் லிப்ரேயாகத்தான் எழுதினேன். படிவத்தில் லிப்ரே என்ற கட்டத்தைக் குறித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் கட்டண ரசீது. வகுப்பில் சேராத தனித் தேர்வர் என்பதுதான் அதன் பொருள். நம் ஊரில் ‘பிரைவேட்டாக எழுதுகிறேன்’ என்போமே, அதுதான். பேச்சிலும் ‘இர் போர் லிப்ரே’ என்றால் கூட்டத்தோடு சேராமல் தன்வழியில் போவது.

மார்ச் 7, இரவு 11:05

மாலையில் எழுத விட்டுப்போனது: ‘என்த்ராதா லிப்ரே’. சுவரொட்டியில் அடிக்கடி பார்க்கலாம், “என்த்ராதா லிப்ரே ஆஸ்தா கொம்ப்ளெத்தார் அஃபோரோ”, அரங்கம் நிறையும்வரை யாரும் வரலாம். சீட்டும் இல்லை, காசும் இல்லை. பிராதோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரை காசில்லாமல் திறந்திருக்கிறது. அங்கே இருக்கும் சொல் ‘கிராத்துயித்தோ’. ஏனென்றால் அந்த நேரத்திலும் சீட்டு உண்டு, வரிசையில் நின்று வாங்க வேண்டும், விலை மட்டும் பூஜ்யம். கடை வாசலில் என்த்ராதா லிப்ரே என்றால் வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று பொருள்.

அர்ஜென்டினாக்காரர்கள் சுவரொட்டியில் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள்: ‘என்த்ராதா லிப்ரே இ கிராத்துயித்தா’. யாரும் வரலாம், காசும் வேண்டாம். இந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு சொல்லும் ஒன்றல்ல என்பதை ஒரு நாடே தினமும் ஒட்டிக் காட்டுகிறது. உன் செயலியில் நிகழ்ச்சிப் பட்டியல் இருந்தால், ‘ஃப்ரீ என்ட்ரி’ என்ற வரிக்கு முன்பதிவு தேவையா என்று ஆங்கிலத்தில் எழுதியவரிடம் கேட்டுவிட்டு எழுது.

மார்ச் 8, காலை 8:10

தம்பி கேட்டது: கிராத்திஸுக்கும் கிராத்துயித்தோவுக்கும் என்ன வித்தியாசம்?

கிராத்திஸ் லத்தீனிலிருந்து அப்படியே வந்தது, உருமாறாது. உன் கணக்கு கிராத்திஸ், உன் கணக்குகள் கிராத்திஸ். வினையோடும் சேரும்: என்த்ரார் கிராத்திஸ், காசில்லாமல் நுழைவது. கிராத்துயித்தோ பெயரடை, பால் எண் எல்லாம் பார்க்கும்: புருவேபா (சோதனை) கிராத்துயித்தா, லீப்ரோஸ் (புத்தகங்கள்) கிராத்துயித்தோஸ். பொத்தானுக்குக் கிராத்திஸ், சட்ட நிபந்தனைகளுக்குக் கிராத்துயித்தோ என்று வைத்துக்கொள், தொனி சரியாக வரும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘துயி’யில், மொத்தம் மூன்றே அசை. ‘துயி’யை இரண்டாகப் பிரித்து நான்கு அசையாகச் சொல்வது ஸ்பானிஷ்காரர்களிடமே பரவலாக உண்டு. அதைப் பின்பற்றாதே.

கிராத்துயித்தோவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ‘அகுசாசியோன் கிராத்துயித்தா’ என்றால் ஆதாரமில்லாத குற்றச்சாட்டு. ‘வியோலென்சியா கிராத்துயித்தா’ என்றால் காரணமே இல்லாத வன்முறை. இந்த இடங்களில் கிராத்திஸ் போட முடியாது.

அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் பேச்சில் ‘தே கிராத்திஸ்’ காதில் விழும். எழுத்தில் ‘தே’யை விட்டுவிடு. மெக்சிகோவில் ‘சின் கோஸ்தோ’, ஸ்பெயினில் ‘சின் கோஸ்தே’. ஓர் உயிரெழுத்துதான், ஆனால் ‘கோஸ்தோ’ என்று படித்த உடனே மத்ரித்துக்காரருக்கு இது கடல் கடந்து வந்த வரி என்று தெரிந்துவிடும்.

மார்ச் 9, பிற்பகல் 2:30

உணவுப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டுகளில் கவனமாக இருக்க வேண்டும். இங்கே நடையழகு இரண்டாம்பட்சம். ஒருவர் உடம்பு இதை நம்பிச் சாப்பிடுகிறது.

குளூட்டன் என்பது கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் புரதம். ‘குளூட்டன்-ஃப்ரீ’ ஸ்பெயினில் ‘சின் குளூத்தென்’. அது வெறும் வருணனை அல்ல, சட்டச் சொல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 828/2014 விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ‘முய் பாஹோ என் குளூத்தென்’, மிகக் குறைந்த குளூட்டன், என்பது வேறு வகை. அதற்கு வரம்பு 100 மில்லிகிராம். அர்ஜென்டினாவில் பொட்டலத்தின் மேல் ‘லிப்ரே தே குளூத்தென்’ என்றும், ‘சின் டி.ஏ.சி.சி.’ என்ற முத்திரையும் இருக்கும். அந்த நான்கு எழுத்தும் நான்கு தானியங்களின் முதலெழுத்து. திரிகோ, அவேனா, செபாதா, செந்தேனோ: கோதுமை, ஓட்ஸ், பார்லி, ரை. அங்கே வரம்பு 10 மில்லிகிராம். ஆக, ஸ்பெயினில் ‘சின் குளூத்தென்’ என்று சட்டப்படி விற்கிற ஒரு பொருள் அர்ஜென்டினாவின் ‘லிப்ரே தே குளூத்தென்’னுக்குத் தகுதி பெறாமல் போகலாம். சொல்லை மட்டும் மாற்றி மறு நாட்டுக்கு அனுப்ப முடியாது.

‘சுகர்-ஃப்ரீ’க்கு ஒன்றியத்தில் ‘சின் அசூக்காரெஸ்’. 100 கிராமில் அரை கிராம் வரைதான் அனுமதி. ‘சின் அசூக்காரெஸ் அஞ்யாதீதோஸ்’ என்றால் சர்க்கரை சேர்க்கவில்லை என்று மட்டும்தான், பழத்தில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை அப்படியே இருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் பெரிது. ஆங்கிலத்தில் அசட்டையாக ‘சுகர்-ஃப்ரீ’ என்று எழுதியிருந்தால் எது என்று கேட்டே ஆக வேண்டும்.

மதுவிலக்கிய பியர் ‘செர்வேசா சின் அல்கோல்’. ஸ்பெயினில் ‘ஊனா சின்’ என்று கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். ஆனால் இங்கே சட்டப்படி 1 சதவீதத்துக்குக் குறைவான மது அதில் இருக்கலாம். சுத்தமாக வேண்டாம் என்கிறவர்கள் ‘0,0’ என்ற எண் போட்டதைத் தேடுவார்கள். ‘ஆல்கஹால்-ஃப்ரீ’ என்று ஆங்கிலத்தில் வந்தால் இதையும் நினைவில் வை.

மார்ச் 9, மாலை 4:00

முட்டை! ‘கேஜ்-ஃப்ரீ’யும் ‘ஃப்ரீ-ரேஞ்ச்’சும் ஒன்றல்ல. ஒன்றிய நாடுகளில் முட்டை ஓட்டிலேயே எண் அச்சிட்டிருக்கும். 0 இயற்கை முறை, 1 வெளியே மேயும் கோழி, 2 கூண்டில்லாமல் கொட்டகைக்குள், 3 கூண்டு. ஃப்ரீ-ரேஞ்ச் 1, ஸ்பெயினில் ‘உவேவோஸ் காம்பேரோஸ்’. கேஜ்-ஃப்ரீ 2. லத்தீன் அமெரிக்காவில் ‘லிப்ரே தே ஹவுலா’ என்று எழுதுகிறார்கள், கூண்டிலிருந்து விடுபட்டது. லிப்ரேக்குப் பின்னால் ‘தே’ வந்து, எதிலிருந்து என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. லிப்ரே தே இம்புவெஸ்தோஸ், வரியில்லாதது. லிப்ரே தே பேஆஹே, சுங்கமில்லாதது. தனியாக நிற்கும் லிப்ரேதான் ஆளைச் சுற்றவைக்கும்.

மார்ச் 13, இரவு 10:40

கரீபியன் வரலாறு படிக்கும் ஒரு வாசகி கேட்டது: “ஆங்கில நூலில் ‘ஃப்ரீ பிளாக்ஸ்’, ‘ஃப்ரீட் ஸ்லேவ்ஸ்’, ‘ஃப்ரீபார்ன்’ என்று மூன்று வருகிறது. எல்லாம் லிப்ரேதானா?”

இந்தக் கேள்விக்காக மூன்று நாள் வேலையைக்கூடத் தள்ளிவைக்கலாம்.

ஸ்பானிஷ் அமெரிக்காவின் ஆவணங்களில் ‘பார்தோஸ் இ மோரேனோஸ் லிப்ரெஸ்’ என்று ஒரு வகுப்பு வரும். அடிமை அல்லாத கறுப்பினத்தவர், கலப்பினத்தவர். இவர்கள் லிப்ரே. அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர் ‘லிபெர்தோ’. இரண்டுக்கும் சட்டத்தில் இடைவெளி இருந்தது, சமூகத்தில் அதைவிட அதிகம். விடுவிக்கும் செயல் ‘மனுமிசியோன்’. பிறப்பிலேயே அடிமை அல்லாதவரைக் குறிக்க ரோமச் சட்டத்திலிருந்து வந்த சொல் ‘இன்ஹேனுவோ’. அதே சொல் இன்றைய ஸ்பானிஷில் வெகுளி என்று பொருள்படும். சட்ட வரலாற்று நூலில் இன்ஹேனுவோ வந்தால் பின்னால் போய் முழு வாக்கியத்தையும் படியுங்கள்.

1870இல் ஸ்பெயின் கூபாவுக்கும் புவேர்த்தோ ரிக்கோவுக்கும் மோரெத் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் வழக்குப் பெயர் ‘லேய் தே வியெந்த்ரெஸ் லிப்ரெஸ்’, விடுபட்ட வயிறுகளின் சட்டம். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை அடிமை அல்ல. தாய் அடிமையாகவே இருப்பாள். இந்தப் பெயரை முதலில் படித்தபோது எனக்கு மேலே படிக்க முடியவில்லை. வயிறு மட்டும் லிப்ரே. அர்ஜென்டினாவில் இதே ஏற்பாடு 1813லேயே வந்துவிட்டது, ‘லிபெர்தாத் தே வியெந்த்ரெஸ்’ என்ற பெயரில். அடிமை முறை முழுதாக ஒழிந்தது புவேர்த்தோ ரிக்கோவில் 1873, கூபாவில் 1886.

இன்னும் பழையது ஒன்று இருக்கிறது: ‘ஓர்ரோ’. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். இடைக்கால ஸ்பெயினில் பேசிய அந்தலூசிய அரபியின் ‘ஹுர்’ (விடுபட்டவர்) என்ற சொல்லிலிருந்து வந்தது. உருது தெரிந்தவர்களுக்கு ‘ஹுர்ரியத்’ (சுதந்திரம்) ஞாபகம் வரும், வேர் அதேதான். ஓர்ரோவிலிருந்து ‘அஓர்ரார்’ என்ற வினை பிறந்தது. முதலில் அதன் பொருள் அடிமையை விடுவிப்பது. இன்றைக்கு ஸ்பெயினில் யாரைக் கேட்டாலும் அஓர்ரார் என்றால் பணம் சேமிப்பது. வங்கிச் செயலியில் தினம் அழுத்தும் பொத்தானில் அந்தச் சொல் இருக்கிறது, அடிமைகளின் கதை அதில் யாருக்கும் கேட்பதில்லை.

வாசகிக்கு நேரடி விடை: வரிசையாக லிப்ரெஸ், லிபெர்தோஸ், நாசீதோஸ் லிப்ரெஸ். மூன்றாவதற்கு இன்ஹேனுவோஸ் என்று போடலாம், ஆனால் ஓர் அடிக்குறிப்பும் சேர்த்து.

மார்ச் 14, காலை 6:50

ராத்திரி எழுதியதைத் தொடர்ந்து இன்னொரு பழைய சொல்: ‘ஃபிராங்கோ’. இதுவும் ‘ஃப்ரீ’தான், வரியிலிருந்தும் கட்டாயத்திலிருந்தும். ‘புவேர்த்தோ ஃபிராங்கோ’ வரியில்லாத் துறைமுகம். ‘சோனா ஃபிராங்கா’ வரியில்லா வணிகப் பகுதி. பார்சலோனாவில் 1916இலிருந்து அதற்கென ஓர் அமைப்பு, சிலியின் இகீகேயில் 1975இலிருந்து. இதைப் பார்த்துவிட்டு எல்லா ‘ஃப்ரீ ஸோன்’களையும் சோனா ஃபிராங்கா என்று எழுதக் கை போகும். பனாமாவில் 1948இல் தொடங்கியதன் அதிகாரப்பூர்வப் பெயர் ‘சோனா லிப்ரே தே கொலோன்’. இடப்பெயரில் நம் விதி எதுவும் செல்லாது, அவர்கள் வைத்த பெயர்தான்.

அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள புவேர்த்தோ ரிக்கோ இன்னும் சிக்கல். 1952 அரசியலமைப்பில் ஸ்பானிஷ் பெயர் ‘எஸ்தாதோ லிப்ரே அசோசியாதோ’, இணைந்த சுதந்திர அரசு. ஆங்கிலப் பெயர் ‘காமன்வெல்த்’. அதில் ஃப்ரீயும் இல்லை, அசோசியேட்டும் இல்லை. லிப்ரே என்ற சொல் அங்கே எவ்வளவு உண்மை என்று அந்தத் தீவில் இன்றும் சண்டை நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதில் தலையிட வேண்டாம், பெயரைப் பெயராகவே எழுத வேண்டும்.

கால்பந்திலும் ஃபிராங்கோ உண்டு. ‘ஃப்ரீ கிக்’ லத்தீன் அமெரிக்காவில் ‘தீரோ லிப்ரே’, ஸ்பெயினில் ‘கோல்பே ஃபிராங்கோ’ அல்லது சுருக்கமாக ‘ஃபால்தா’. கூடைப்பந்து ‘ஃப்ரீ த்ரோ’ எங்கேயும் தீரோ லிப்ரே.

மார்ச் 18, மாலை 7:15

மென்பொருள் பக்கம் வருவோம், இங்கே பலரும் அந்தத் துறைதான்.

நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார், 1985இல் ஃப்ரீ சாஃப்ட்வேர் பவுண்டேஷன் வந்தது. அன்றிலிருந்து இந்த இயக்கம் ஆங்கிலத்தில் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது: விலையைப் பற்றிப் பேசவில்லை, உரிமையைப் பற்றிப் பேசுகிறோம். ஸ்பானிஷில் ‘சாஃப்ட்வேர் லிப்ரே’ என்றால் போதும், விளக்கமே வேண்டாம். ‘சாஃப்ட்வேர் கிராத்துயித்தோ’ வேறு பொருள், காசில்லாமல் கிடைக்கும் மூடிய நிரலும் அதில் அடங்கும். ஆங்கிலம் பேசுகிறவர்களே கடைசியில் ‘லிப்ரே’ என்ற சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். 2010இல் ஓப்பன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பிலிருந்து பிரிந்து வந்தவர்கள் தங்கள் தொகுப்புக்கு லிப்ரேஆபிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதூரா மாநிலம் 2002இல் பள்ளிகளுக்காகச் சொந்தமாக ஒரு லினக்ஸ் வெளியிட்டது, லின்எக்ஸ். அங்கே ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஃப்ரீ என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழிலும் நம் ஆட்கள் ‘இலவச மென்பொருள்’ என்பதை ஒதுக்கி ‘கட்டற்ற மென்பொருள்’ என்று உறுதியாகப் பிடித்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு எனக்கு நன்றி உண்டு. தமிழில் அந்தச் சொல்லோடு பழகியதால்தான் ஸ்பானிஷ் கோப்பில் ‘ஃப்ரீ’யைப் பார்த்தவுடன் கை தானாக நிற்கிறது.

மார்ச் 18, இரவு 9:00

தம்பி ஒரு பட்டியல் அனுப்பி, “லிப்ரே சில இடத்தில் முன்னாலும் சில இடத்தில் பின்னாலும் வருகிறதே” என்று கேட்டிருக்கிறார். கூர்மையான கண்.

பெரும்பாலும் பின்னால்: தியெம்போ லிப்ரே (ஓய்வு நேரம்), வேர்சோ லிப்ரே (புதுக்கவிதை மாதிரி), கயீதா லிப்ரே (தடையின்றி விழுவது), லூச்சா லிப்ரே (மெக்சிகோ மல்யுத்தம்). சட்டம், பொருளாதாரம், இறையியலில் உறைந்துபோன தொடர்களில் முன்னால்: லிப்ரே கொமேர்சியோ (தடையற்ற வணிகம்), லிப்ரே சிர்குலாசியோன் (தடையற்ற நடமாட்டம்), லிப்ரே அல்பெத்ரியோ (தன்விருப்பம்). இவற்றை இடம் மாற்றினால் இலக்கணம் உடையாது, ஆனால் ஒப்பந்தத்தின் பெயர் காணாமல் போய்விடும்.

நிறுவனப் பெயர்களிலும் கவனம். 1876இல் மத்ரித்தில் ஃபிரான்சிஸ்கோ ஹினேர் தே லோஸ் ரியோஸும் நண்பர்களும் ‘இன்ஸ்தித்துசியோன் லிப்ரே தே என்செஞ்யான்சா’ (சுதந்திரக் கல்வி நிறுவனம்) என்பதைத் தொடங்கினார்கள். அரசும் தேவாலயமும் என்ன கற்பிக்கலாம் என்று கட்டளையிட்டதை ஏற்காததால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். அந்த லிப்ரே சிந்தனைக்கு, கட்டணத்துக்கு அல்ல. மெக்சிகோவில் 1959இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் கொடுக்க அமைத்த தேசிய ஆணையத்தின் பெயரில் ‘லீப்ரோஸ் தே தெக்ஸ்தோ கிராத்துயித்தோஸ்’ இருக்கிறது. அங்கே பேச்சு விலையைப் பற்றியது. பத்திரிகையிலும் இதே பிரிவு: குவாத்தமாலாவில் 1951இலிருந்து வரும் ‘பிரென்சா லிப்ரே’ காசு கொடுத்து வாங்கும் நாளிதழ், மத்ரித் மெட்ரோ வாசலில் கையில் திணித்துவந்த ‘20 மினூத்தோஸ்’ போன்றவை ‘பிரென்சா கிராத்துயித்தா’. ‘ஃப்ரீ பிரஸ்’ என்று உன் கோப்பில் வந்தால் எது என்று இனி உனக்கே தெரியும்.

மார்ச் 22, மதியம் 1:20

‘ஃபீல் ஃப்ரீ’ பாக்கி இருந்தது. ‘சியெந்தெத்தே லிப்ரே தே...’ என்று எழுதுகிறார்கள், இயந்திர மொழிபெயர்ப்பிலும் அடிக்கடி வருகிறது. எனக்குப் பார்த்தாலே எரிச்சல். சிறையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த ஆளிடம் பேசுவது போல இருக்கும். ஸ்பெயினுக்கு ‘நோ தூதெஸ் என் எஸ்கிரிபிர்னோஸ்’, எங்களுக்கு எழுதத் தயங்காதே. மெக்சிகோவில் வீட்டுக்கு வந்தவரிடம் ‘கொன் கொன்ஃபியான்சா’ என்பார்கள், நம் வீடுகளில் ‘கூச்சப்படாம எடுத்துக்கோங்க’ என்கிற அதே குரலில். ‘உஸ்தெத்’ என்ற மரியாதை வடிவில் பேசும் செயலி என்றால் தூதெஸ் தூதே ஆகும்.

சாப்பாட்டில் ஓசி என்றால் ‘தே கோர்ரா’. அப்படியே பழகியவர் ‘கோர்ரோன்’. ‘தே பால்தே’ என்று பழைய வழக்கும் இருக்கிறது, சும்மா கிடைத்தது. அதன் அண்ணன் ‘என் பால்தே’க்குப் பொருள் வீணாக. முன்னால் வரும் சின்னச் சொல் மாறினால் இலவசம் விரயமாகிவிடும்.

மார்ச் 22, மதியம் 1:35

நாய்ப் பூங்கா வரி: ‘டாக்ஸ் மே ரன் ஃப்ரீ’. லோஸ் பெர்ரோஸ் புவேதென் இர் சுவெல்தோஸ். லிப்ரெஸ் போடாதே. ஜாமீனில் இருப்பவர் ‘என் லிபெர்தாத்’, சுவெல்தோ போட்டால் ஊருக்குள் தப்பித் திரிகிறவர் ஆகிவிடுவார்.

மார்ச் 25, இரவு 8:45

தம்பி கடைசியாக அனுப்பிய நான்கு வரிகள்.

‘ஃப்ரீ கிஃப்ட்’: ரெகாலோ. பரிசு என்றாலே இலவசம்தான், பெயரடை வேண்டாம்.

‘ஃப்ரீ ட்ரையல், கேன்சல் எனிடைம்’: புருவேபா கிராத்துயித்தா. காலம் முடிந்தபின் காசு பிடிப்பார்கள் என்றால், அந்தத் தொகையை இதே திரையில் எழுதச் சொல் உன் மேலாளரிடம். கிராத்துயித்தா என்று பெரிதாக எழுதிவிட்டு விலையை மறைப்பதற்கு நம் கை உதவக் கூடாது.

‘ஃப்ரீஹேண்ட் டூல்’: லிப்ரேயும் இல்லை, கிராத்திஸும் இல்லை. திபூஹோ ஆ மானோ அல்சாதா, தூக்கிய கையால் வரைவது. ஓவியப் பள்ளிகளில் அதுதான் சொல்.

நாட்காட்டியில் ‘ஐயாம் ஃப்ரீ டுடே’: இதில் இரண்டு பொருள். நேரம் இருக்கிறது என்றால் ‘எஸ்தோய் லிப்ரே’. வேலைக்கு விடுப்பு என்றால் ஸ்பெயினில் ‘ஓய் லீப்ரோ’. லிப்ரார் என்ற வினையின் தன்மை வடிவம் அது. புத்தகம் என்ற சொல்லும் எழுத்துக்கு எழுத்து அதேதான், அதனால் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் ‘இன்று புத்தகம்’ என்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அர்ஜென்டினாவில் ‘தெங்கோ ஃபிராங்கோ’, மெக்சிகோவில் ‘ஓய் தெஸ்கான்சோ’. ஒரே கோப்பு எல்லா நாட்டுக்கும் போகிறது என்றால் பெயர்ச்சொல்லாக்கி ‘தீயா லிப்ரே’ என்று எழுது. ஹவானாவிலிருந்து பார்சலோனா வரை பிடிபடும். அந்த வரியில் எந்தப் பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதியவரிடம் கேட்டுச் சொன்னால் மீதியைப் பார்க்கிறேன்.